நாஃப்டா: கூட்டிப் பார்த்தால் லாபம், பிரித்துப் பார்த்தால்?

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் நாஃப்டா என்ற பெயர் வந்துவிடும். ஆதரிப்பவர் சொல்வார்: "மெக்சிகோவைப் பாருங்கள், உலகத்துக்கே கார் செய்து அனுப்புகிறது." எதிர்ப்பவர் சொல்வார்: "மெக்சிகோவைப் பாருங்கள், மக்காச்சோளம் பிறந்த நாடு இன்றைக்கு மக்காச்சோளத்தை இறக்குமதி செய்கிறது." இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்ற கேள்வியோடுதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குத் தெளிவானதை இங்கே தொகுத்து வைக்கிறேன். பொருளாதாரம் படித்தவர்களுக்கு இதில் பல விஷயம் பழையதாக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒப்பந்தம்

வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்பதன் சுருக்கம்தான் நாஃப்டா. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் உறுப்பினர்கள். 1992 டிசம்பரில் ஜார்ஜ் புஷ், பிரையன் மல்ரோனி, கார்லோஸ் சலீனாஸ் ஆகிய மூன்று தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கக் கீழவையில் 1993 நவம்பரில் 234-க்கு 200 என்ற கணக்கில்தான் தேறியது. 1994 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதே நாளில் மெக்சிகோவின் தென்கோடி மாநிலமான சியாபாஸில் ஸபாட்டிஸ்டா என்ற பெயரில் பழங்குடி விவசாயிகள் ஆயுதத்தோடு எழுந்து சில ஊர்களைக் கைப்பற்றினார்கள். அந்தத் தேதியை அவர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயல் கிடையாது. காரணம் கீழே வரும்.

ஒப்பந்தத்தின் சாரம் எளிது. மூன்று நாடுகளும் ஒன்றின் சரக்குக்கு மற்றது போடும் இறக்குமதி வரியைப் படிப்படியாக நீக்கிவிட வேண்டும். சில பொருள்களுக்கு உடனே, சிலவற்றுக்கு 5 ஆண்டு, 10 ஆண்டு, ரொம்பவும் நாசூக்கான சிலவற்றுக்கு சுமார் 15 ஆண்டு என்று அட்டவணை போட்டார்கள்.

அதற்கு முன்னால் வரி எவ்வளவு இருந்தது தெரியுமா? அமெரிக்கச் சரக்கு மீது மெக்சிகோ போட்டது சராசரியாகச் சுமார் 10%. மெக்சிகோ சரக்கு மீது அமெரிக்கா போட்டது சராசரியாகச் சுமார் 2%தான். 'அட, இந்த 2% போனதுக்கா இவ்வளவு சண்டை?' என்று தோன்றும். அங்கேதான் சராசரி என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. பெரும்பாலான பொருள்களுக்கு வரியே இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தது. துணி, ஆயத்த ஆடை, காலணி மாதிரி சிலவற்றுக்கு மட்டும் அதிகமாக இருந்தது. அந்தச் சில தொழில்கள் நாடு முழுக்கப் பரவியிருக்கவில்லை. சில மாநிலங்களில், சில ஊர்களில் குவிந்திருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்கும் ஊருக்கும் உள்ள இந்த இடைவெளிதான் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

எந்த நாட்டுச் சரக்கு?

ஒரு சின்ன தொழில்நுட்ப விஷயம். இது புரியாமல் வட்டார ஒப்பந்தம் எதுவும் புரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரி போடுகின்றன. நாஃப்டா அப்படி இல்லை. உள்ளுக்குள் வரி இல்லை, ஆனால் வெளியாருக்கு மூன்று நாடுகளும் தனித்தனி வரி போடலாம். அப்படியென்றால் ஒரு ஜப்பான் நிறுவனம் வரி குறைவாக உள்ள நாட்டில் சரக்கை இறக்கி, லேபிளை மாற்றி, அடுத்த நாட்டுக்கு வரியில்லாமல் அனுப்பிவிடலாமே? அதைத் தடுக்கத்தான் 'இது எந்த நாட்டுச் சரக்கு' என்று தீர்மானிக்கும் மூல விதிகள். காருக்கு நாஃப்டா வைத்த அளவு 62.5%. அதாவது காரின் மதிப்பில் அவ்வளவு பங்கு இந்த மூன்று நாடுகளுக்குள் உண்டாகியிருந்தால்தான் வரி விலக்கு. ஆடைக்கு இன்னும் கறார்: நூலிலிருந்தே இந்த வட்டாரத்துக்குள் செய்திருக்க வேண்டும்.

இதற்குக் கணக்கு வைக்க ஆள் வேண்டும், சான்றிதழ் வேண்டும், உதிரி பாகம் தருபவர் ஒவ்வொருவரிடமும் காகிதம் வாங்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது ஒரு துறை. சின்ன ஏற்றுமதியாளருக்கு அது தலைவலி. அமெரிக்காவில் வெளிநாட்டுக் காருக்கான பொது வரி வெகுகாலம் 2.5%தான். பலருக்கு இந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த வரியைக் கட்டிவிட்டுப் போவது மலிவாக இருந்தது. ஆனால் பிக்அப் லாரிக்கு 1964 முதல் 25% வரி. அங்கே காகிதத்துக்குச் செலவழிப்பது லாபம். மெக்சிகோவில் இத்தனை பிக்அப் லாரிகள் உருவாவதற்கு இதுவும் ஒரு காரணம். 'தடையற்ற' என்று பெயர் இருந்தாலும் அந்தத் தடையின்மைக்கு ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. பெரியவர்களுக்கு அது கட்டுப்படியாகும்.

லாபம் எங்கே?

லாபம் உண்மையானது. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

1993-இல் அமெரிக்காவுக்கும் மற்ற இரு நாடுகளுக்கும் இடையே நடந்த வர்த்தகம் சுமார் 29,000 கோடி டாலர். 2016-இல் அது 1.1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. மெக்சிகோவின் நடுப்பகுதியில் உள்ள குவனஹுவாட்டோ, கெரெட்டரோ, அகுவாஸ்காலியென்ட்ஸ் மாநிலங்கள் கார், விமான உதிரி பாகத் தொழிலின் மையங்களாக மாறின. ஒரு கார் உருவாவதற்குள் அதன் சில பாகங்கள் எல்லையைப் பல முறை தாண்டுகின்றன. ஒரு நாட்டில் வார்ப்பு, இன்னொரு நாட்டில் கடைசல், மறுபடி முதல் நாட்டில் பொருத்துதல் என்று. 'மெக்சிகோ கார்' என்று சொல்வதில் பாதி அமெரிக்கக் கார். ஒவ்வொரு தாண்டலுக்கும் வரி இருந்தால் இந்த ஏற்பாடே சாத்தியமில்லை.

அவகாடோ இன்னொரு உதாரணம். நம் ஊரில் பட்டர் ஃப்ரூட் என்போமே, அதுதான். பூச்சி வந்துவிடும் என்று சொல்லி 1914 முதல் மெக்சிகோ அவகாடோவை அமெரிக்கா தடை செய்திருந்தது. நாஃப்டா வந்த பிறகும் தடை உடனே போகவில்லை. 1997-இல்தான் குளிர்காலத்தில் மட்டும், 19 மாநிலங்களுக்கு மட்டும் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். முழுக்கத் திறக்க இன்னும் பத்து வருடம் ஆனது. வரியை எடுத்தாலும் பூச்சி, தரம், சான்றிதழ் என்று வேறு வாசல்களில் பூட்டு இருக்கும் என்பதற்கு நல்ல பாடம் இது. திறந்த பிறகு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு அமெரிக்கர் ஆண்டுக்கு ஒரு கிலோ அளவுக்குச் சாப்பிட்ட பழம், 2018 வாக்கில் 3.5 கிலோவைத் தொட்டது. மிச்சோவாகான் மாநில விவசாயிகள் பலர் அதில் வசதியானார்கள். கூடவே காடு அழிந்தது. போதைமருந்துக் கும்பல்கள் தோட்டக்காரர்களிடம் மாமூல் கேட்க ஆரம்பித்தன. 2022 பிப்ரவரியில் ஒரு அமெரிக்கப் பரிசோதகருக்கு மிரட்டல் வந்ததால் ஏற்றுமதி ஒரு வாரம் போல நின்றே போனது.

சரி, மொத்தமாகக் கூட்டினால் எவ்வளவு லாபம்? லொரென்சோ கலியெண்டோ, ஃபெர்னாண்டோ பாரோ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நாஃப்டாவின் வரிக் குறைப்பால் மட்டும் மக்கள் நலன் எவ்வளவு மாறியது என்று. விடை: மெக்சிகோவுக்கு 1.31% கூடுதல், அமெரிக்காவுக்கு 0.08% கூடுதல், கனடாவுக்கு 0.06% குறைவு. பைசாவில் சொன்னால், நூறு ரூபாய்க்கு மெக்சிகோவுக்கு 1 ரூபாய் 31 பைசா லாபம், அமெரிக்காவுக்கு 8 பைசா லாபம், கனடாவுக்கு 6 பைசா நஷ்டம்.

எட்டுப் பைசா! இதற்காகவா ஒருவர் 'சொர்க்கம்' என்றார், இன்னொருவர் 'நரகம்' என்றார்?

ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?

1950-இலேயே ஜேக்கப் வைனர் என்ற பொருளாதார அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்துவிட்டார். வட்டார ஒப்பந்தத்தால் வரும் வர்த்தகம் இரண்டு வகை என்றார் அவர்.

ஒன்று, புதிதாகப் பிறக்கும் வர்த்தகம். நான் அதிகச் செலவில் செய்துகொண்டிருந்ததை, இப்போது வரி போனதால், குறைந்த செலவில் செய்யும் பக்கத்து நாட்டிடம் வாங்குகிறேன். இது லாபம். இன்னொன்று, திசைமாறிய வர்த்தகம். உலகிலேயே மலிவாகச் செய்பவர் தூரத்து நாட்டுக்காரர். ஆனால் அவருக்கு வரி உண்டு, பக்கத்து நாட்டுக்காரருக்கு இல்லை. அதனால் நான் பக்கத்து நாட்டுக்காரரிடம் மாறிவிடுகிறேன். வாங்குபவருக்கு விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் அரசுக்கு வந்துகொண்டிருந்த வரி போனது, சரக்கும் அதிகச் செலவில் உருவாகிறது. இதில் நாட்டுக்கு நஷ்டம்கூட வரலாம்.

மெக்சிகோவின் ஆடைத் தொழில் இதற்குச் சரியான உதாரணம். 1990-களின் இறுதியில் அமெரிக்காவுக்கு ஆடை அனுப்பும் நாடுகளில் மெக்சிகோ முன்னணிக்கு வந்தது. ஆசிய நாடுகளுக்கு அப்போது அளவுக் கட்டுப்பாடு இருந்தது, மெக்சிகோவுக்கு இல்லை. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2005 ஜனவரியில் ஆடைக்கான உலகளாவிய கோட்டா முறை முடிந்தது. மெக்சிகோவின் பங்கு சரியத் தொடங்கியது. வேலியை நம்பி வளர்ந்த தொழில், வேலி போனதும் காற்றுக்குத் தாங்கவில்லை. ஒப்பந்தத்தில் கிடைக்கும் சலுகை நிரந்தரச் சொத்து இல்லை. அடுத்தவருக்கும் அதே சலுகை கிடைக்கும் நாள்வரைதான் அதற்கு மதிப்பு.

அமெரிக்காவின் எட்டுப் பைசாவும் ஒரு நெசவு ஊரும்

இப்போது அந்த எட்டுப் பைசாவைப் பிரித்துப் பார்ப்போம். அது 'ஒவ்வொருவருக்கும் எட்டுப் பைசா' கிடையாது. கோடிக்கணக்கானோருக்குச் சில காசுகள் லாபம், சில லட்சம் பேருக்குப் பெரிய நஷ்டம். இரண்டையும் கூட்டிக் கழித்து மிஞ்சியதுதான் எட்டுப் பைசா.

ஷுஷானிக் ஹகோபியான், ஜான் மெக்லாரன் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, 1990, 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டது. நாஃப்டாவால் அதிகம் அடிபட்ட தொழில்களில், பள்ளிப் படிப்பை முடிக்காத தொழிலாளர்களின் ஊதிய வளர்ச்சி, அடிபடாத தொழில்களில் இருந்த அதே மாதிரி ஆட்களைவிட 17 சதவீதப் புள்ளிகள் வரை குறைவாக இருந்தது. கல்லூரி படித்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு. அடிபட்ட ஊரில், ஏற்றுமதி இறக்குமதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேலைக்காரர்களும் அடிவாங்கினார்கள். ஏன்னா, மில் மூடினால் மில்காரர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. அவர் சாப்பிட்ட ஹோட்டலில் பரிமாறுபவர், அவர் முடிவெட்டிய கடைக்காரர் எல்லோருக்கும் வருமானம் குறையும். வேலையிழந்த மில்காரரும் இப்போது அதே ஹோட்டல் வேலைக்குத்தான் வரிசையில் நிற்பார். 'வேறு ஊருக்குப் போகலாமே' என்று புத்தகம் சொல்லும். போக வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். மில் மூடிய ஊரில் வீட்டை யார் வாங்குவார்?

வேலை போகாத இடத்திலும் ஒரு விளைவு உண்டு. கேட் பிரான்ஃபென்பிரென்னர் என்ற தொழிலாளர் உறவு ஆய்வாளர் 1990-களில் தொழிற்சங்கம் அமைக்கும் முயற்சிகளை ஆராய்ந்தார். பாதிக்கும் மேற்பட்ட இடங்களில், சங்கம் வந்தால் ஆலையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் மிரட்டியிருந்தது. பெரும்பாலும் மூடவில்லை. மிரட்டலே போதுமாக இருந்தது. வேலையிழப்புக் கணக்கில் இது வரவே வராது.

நஷ்டப்பட்டவர்களுக்கு உதவி இருந்ததா? இருந்தது. நாஃப்டாவுக்கென்றே ஒரு மறுபயிற்சி, உதவித்தொகைத் திட்டம் வைத்தார்கள். 2002-இல் அதைப் பொதுத் திட்டத்தோடு இணைத்தார்கள். விண்ணப்பித்து, 'என் வேலை வர்த்தகத்தால்தான் போனது' என்று சான்று பெற்றால்தான் உதவி. அந்த ஹோட்டலில் பரிமாறியவர் அதை எப்படி நிரூபிப்பார்?

அரசியல் பின்னால் வந்தது. அதிகம் அடிபட்ட மாவட்டங்கள் பல தலைமுறை ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தவை. அவை 1990-களின் நடுவிலிருந்தே குடியரசுக் கட்சிப் பக்கம் நகர்ந்ததைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டுகின்றன. நாடு முழுக்க ஒன்றும் ஆகவில்லை என்று சராசரி சொல்லிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் இது நடந்தது.

மக்காச்சோளம்: பதினைந்து வருட அவகாசம் என்ன ஆனது?

இனி மெக்சிகோவின் பக்கம். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

நாஃப்டாவை எழுதியவர்கள் மக்காச்சோள விவசாயியை மறந்துவிட்டார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். மறக்கவில்லை. ஒப்பந்தத்திலேயே மிக நீண்ட அவகாசம் மக்காச்சோளத்துக்குத்தான். 1994-இல் அமெரிக்காவிலிருந்து 25 லட்சம் டன் வரைதான் வரியில்லாமல் வரலாம். அந்த அளவு ஆண்டுக்கு 3% கூடும். அதற்கு மேல் வரும் சரக்குக்கு முதல் ஆண்டில் 215% வரி. அது மெல்ல மெல்லக் குறைந்து 2008 ஜனவரி 1-இல் பூஜ்யமாகும். காகிதத்தில் பார்த்தால் நல்ல பாதுகாப்பு. இந்தக் காலத்துக்குள் அரசு சிறு விவசாயிக்குப் பாசனம், கடன், மாற்றுப் பயிர், மாற்று வேலை என்று வழி செய்துவிட வேண்டும் என்பது எண்ணம்.

நடந்தது என்ன? மெக்சிகோ அரசே அளவுக்கு மேல் வந்த சரக்கை அனுமதித்தது. அந்தப் பெரிய வரியை வசூலிக்கவும் இல்லை. 1996-இல் கணக்குப்படி 26 லட்சம் டன் சொச்சம்தான் வரியில்லாமல் வந்திருக்க வேண்டும். வந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அரசுக்கும் காரணம் இருந்தது. 1994 டிசம்பரில் பெசோ சரிந்தது. சில மாதங்களில் அதன் மதிப்பு பாதியானது. 1995-இல் பொருளாதாரம் 6%-க்கு மேல் சுருங்கியது. அடுத்து வறட்சி. நகரத்து ஏழைக்கு உணவு விலை ஏறக்கூடாது, கோழிப்பண்ணைக்கும் பன்றிப்பண்ணைக்கும் தீவனம் மலிவாக வேண்டும். அவசரத்துக்கு எடுத்த முடிவு என்று முதல் வருடம் சொல்லலாம். ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதுவே பழக்கமானது.

வந்தது சாதாரணப் போட்டியும் இல்லை. அமெரிக்க விவசாயிக்கு அரசு மானியம் உண்டு. டிமோதி வைஸ் என்ற ஆய்வாளரின் கணக்குப்படி, 1997 முதல் 2005 வரை அமெரிக்க மக்காச்சோளம் அதன் உற்பத்திச் செலவைவிடச் சராசரியாக 19% குறைந்த விலைக்கு மெக்சிகோவில் விற்றது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், மெக்சிகோ விவசாயிக்குக் கிடைத்த விலை 1990-களின் தொடக்கத்திலிருந்து 2005-க்குள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இங்கேயும் மொத்தக் கணக்கு வேறு கதை சொல்கிறது. மெக்சிகோவின் மக்காச்சோள உற்பத்தி விழவில்லை, கூடியது! சினலோவா போன்ற வடமேற்குப் பகுதிகளில் பாசன வசதியுள்ள பெரிய பண்ணைகள் அதிகமாக விளைவித்தன. ஹெக்டேருக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்த நேரடிப் பணமும், நிலம் அதிகம் உள்ளவருக்கே அதிகம் போனது. ஒவாஹாகா, சியாபாஸ் மலைச்சரிவில் ஒன்றிரண்டு ஹெக்டேர் மானாவாரி வைத்திருந்தவர் வீட்டுக்கு விளைவித்தார், விற்கக் கட்டுப்படியாகவில்லை. சந்தையில் கொள்முதல் செய்துவந்த அரசு நிறுவனத்தை 1999-இல் மூடினார்கள். ஊர்ப் பொது நிலத்தை விற்க முடியாது என்றிருந்த அரசியல் சட்ட விதியை 1992-இலேயே மாற்றியிருந்தார்கள். ஸபாட்டிஸ்டாக்கள் 1994 ஜனவரி 1-ஐத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.

மெக்சிகோவில் விவசாயத்தில் இருந்தவர்கள் 1990-களின் தொடக்கத்தில் சுமார் 81 லட்சம். 2008-இல் 58 லட்சம். எல்லாம் நாஃப்டாவின் கணக்கில் எழுத முடியாது. பெசோ நெருக்கடி, அரசின் கொள்கை மாற்றம், எல்லா நாட்டிலும் நடக்கும் நகர்மயம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் வெளியேறிய அத்தனை பேரையும் புதிய கார் ஆலைகள் உள்வாங்கவில்லை என்பது உறுதி. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோவில் பிறந்தவர்களின் எண்ணிக்கை 1990-இல் சுமார் 43 லட்சம், 2007-இல் 1.2 கோடிக்கு மேல். நாஃப்டா வந்தால் மெக்சிகோ சரக்கைத்தான் அனுப்பும், ஆட்களை அனுப்பாது என்று ஒப்பந்தத்தை விற்றவர்கள் சொன்னார்கள்.

சோளம் மலிந்ததே, ரொட்டியாவது மலிந்ததா? அதுவும் இல்லை. டோர்ட்டியா மீதான விலைக் கட்டுப்பாட்டையும் மானியத்தையும் 1999-க்குள் நீக்கிவிட்டார்கள். மாவுச் சந்தை சில பெரிய நிறுவனங்களின் கையில். 2007 ஜனவரியில், எத்தனாலுக்காகச் சோளத்தின் உலக விலை ஏறியபோது, மெக்சிகோ நகரத் தெருக்களில் டோர்ட்டியா விலையை எதிர்த்துப் பெரும் ஊர்வலம் நடந்தது. விலை இறங்கினால் விவசாயிக்கு நஷ்டம், ஏறினால் சாப்பிடுபவருக்கு நஷ்டம். இடையில் இருப்பவருக்கு இரண்டிலும் பாதகமில்லை.

முதலீட்டாளருக்கு ஒரு நீதிமன்றம்

ஒப்பந்தத்தின் 11-ஆம் அத்தியாயம், அரசின் முடிவால் நஷ்டப்பட்ட வெளிநாட்டு முதலீட்டாளர் அந்த அரசின் மீது சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நேரடியாக வழக்குப் போடலாம் என்றது. பெட்ரோலில் கலக்கும் எம்எம்டி என்ற பொருளுக்குக் கனடா தடை போட்டது. அதைத் தயாரித்த அமெரிக்க நிறுவனம் எத்தில் வழக்குப் போட, 1998-இல் கனடா தடையை விலக்கி, சுமார் 1.3 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. மெக்சிகோவில் ஒரு நகராட்சி கழிவுக் கிடங்குக்கு அனுமதி மறுத்த விவகாரத்தில், 2000-இல் மெட்டல்கிளாட் நிறுவனத்துக்குச் சுமார் 1.67 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது.

முதலீடு வர வேண்டுமானால் உத்தரவாதம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிடங்குக்காரருக்கு இழப்பீடு கேட்க ஒரு தீர்ப்பாயம் இருந்தது. விலை சரிந்த விவசாயிக்கும் மூடிய மில்லின் தொழிலாளிக்கும் அப்படி ஒரு வாசல் இல்லை. தொழிலாளர் உரிமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் துணை ஒப்பந்தங்கள் சேர்த்தார்கள். அவற்றுக்குப் பல் கிடையாது.

திருத்தி எழுதியபோது

2020 ஜூலை 1-இல் நாஃப்டாவின் இடத்துக்கு யுஎஸ்எம்சிஏ என்ற புதிய ஒப்பந்தம் வந்தது. காருக்கான மூல அளவு 62.5%-இலிருந்து 75% ஆனது. காரின் மதிப்பில் 40 முதல் 45% வரை, மணிக்கு 16 டாலராவது ஊதியம் தரும் ஆலைகளில் உருவாக வேண்டும் என்று புதிதாகச் சேர்த்தார்கள். முதலீட்டாளர் வழக்கு உரிமையை அமெரிக்கா - கனடா இடையே நீக்கி, மெக்சிகோவோடு வெகுவாகச் சுருக்கினார்கள். மெக்சிகோ ஆலையில் சங்க உரிமை மீறப்பட்டால் அந்த ஒரு ஆலை மீதே விரைவாக நடவடிக்கை எடுக்கும் வழியும் வந்தது. குவனஹுவாட்டோவின் சிலாவோ நகரக் கார் ஆலைத் தொழிலாளர்கள், அந்த வழியில் வந்த அழுத்தத்துக்குப் பிறகு, 2022-இல் பழைய சங்கத்தைத் தூக்கிவிட்டுப் புதுச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தொழிலாளர் விதிக்குப் பல் வைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதற்கு 26 வருடம் ஆனது.

இன்னொன்றும் நடந்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் பெரிய லாபம் வரிக் குறைப்புகூட இல்லை, நாளைக்கு வரி ஏறாது என்ற நிச்சயம்தான் என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வதுண்டு. 2025 மார்ச்சில் அமெரிக்கா, ஒப்பந்தக் கூட்டாளிகளான இதே இரு நாடுகள் மீது 25% வரி போட்டது. சில நாளில், மூல விதிக்கு உட்பட்ட சரக்குக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அதுவரை சின்ன வரியைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்த நிறுவனங்கள் எல்லாம் காகிதத்தைத் தேடி ஓடின. பலசாலி உறுப்பினர் மனம் மாறினால் நிச்சயமும் மாறும்.

நான் எடுத்துக்கொண்டது

'நாஃப்டா நல்லதா கெட்டதா' என்று இப்போது யாராவது கேட்டால், 'யாருக்கு, எந்த ஊரில், எந்த வருடத்தில்' என்று திருப்பிக் கேட்பேன். மழுப்புவதற்காக இல்லை. அந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் உண்டு.

ஒப்பந்தம் கையெழுத்தானதாலேயே ஒவாஹாகா விவசாயி தோற்றுவிடவில்லை. அவருக்காக எழுதிவைத்த பதினைந்து வருடத்தை அவருடைய அரசே செலவழித்துத் தீர்த்தபோதுதான் தோற்றார். வரி எந்தத் தேதியில் எவ்வளவு குறையும் என்பது தசமப் புள்ளிவரை அட்டவணையில் இருந்தது. மூன்று நாடுகளும் மதிக்க வேண்டிய சட்டம் அது. பாசனம் எப்போது வரும், கடன் யார் தருவார், மறுபயிற்சி எந்த ஊரில் நடக்கும் என்பதற்கு அப்படி ஓர் அட்டவணை இல்லை. அது உள்நாட்டு நல்லெண்ணத்துக்கு விட்ட விஷயம். லாபம் சட்டமாக வந்தது, ஈடு வாக்குறுதியாக வந்தது.

இந்தியாவும் அடுத்தடுத்து இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு வருகிறது. 2019-இல் ஆர்செப்பிலிருந்து விலகினோம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டோம். அடுத்த முறை செய்தியில் 'இத்தனை ஆயிரம் கோடி லாபம்' என்று மொத்தக் கூட்டுத்தொகை வரும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அடிபடக்கூடிய பொருளுக்கு எத்தனை வருட அவகாசம்? அந்த வருடங்களில் அரசு செய்யப்போகும் வேலைக்குப் பட்ஜெட்டில் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? அவகாசத்தை அரசே நடுவில் விட்டுக்கொடுத்தால் பாதிக்கப்பட்டவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

மூன்றாவது கேள்விக்கு நான் படித்த எந்த ஒப்பந்தத்திலும் பதில் இல்லை.